ஓடுகிற வண்டியிலிருந்து சொன்னது

சாத்தங்கரிசல் மில் கேட்டுக்கு முன்னால் சங்கத்து அம்பாசடர் கார் வந்து நின்று, தோழர் வைகுண்டம் இன்ஜினை அமத்துவதற்காகச் சாவியைத் திருப்பியபோது, சாவி ஒடிந்து பாதி அவர் விரலிடுக்கிலும் பாதி பூட்டுக்குள்ளுமாகத் தங்கிவிட்டது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அதன்பிறகு நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்தது, நிற்கவில்லை. பாட்டரியைக் கழற்றினார்கள், நிற்கவில்லை. டயர்கள் மக்கி மண்ணாகி, அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி வண்டி வயிற்றைத் தரையில் வைத்து உட்கார்ந்தது. மில் நின்றது, மில் முதலாளியின் மூச்சு நின்றது, ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்கூட நின்றது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு மெக்கானிக்கின் பாடு. சாத்தங்கரிசலில் இது மில் காலனி முழுவதற்குமான பாடாக ஆனதற்குக் காரணம் மாடத்தி. அவள் ரீலிங்கில் நூல் சுற்றியவள், மேடை ஏறாதவள், கொம்பையாவின் பெண்டாட்டி.

கொம்பையா ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தான். மில்லுக்குள் நூல் நூற்கிற கதிர்கள் சுற்றுகிற இரைச்சலில் காது உதவாது. அங்கே பேச்சு என்றால் உதடுதான். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எவ்வளவு தூரத்தில் நிற்பவன் உதட்டையும் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது, மில்காரர்கள் வீட்டுச் சண்டையில் சத்தமே இருக்காது, பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். கொம்பையா அவளைப் பெண் கேட்டதே ஃபிரேம்களுக்கு அந்தப்புறம் நின்று உதட்டால்தான், அவள் சரி சொன்னதும் அப்படித்தான், நடுவில் நின்ற அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டார்கள் என்பது மறுநாள் கூட வேலை பார்த்த சீனியம்மா வந்து, “ஏட்டி, சேலை என்ன நிறத்துல எடுக்கானாம்?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

முந்தின வேலைநிறுத்தத்தில் அப்போதைய தலைவர்கள் முதலாளியோடு பேசிவிட்டு ஒரு வாடகைக் காரில் வந்தார்கள். இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாக மைக்கை நீட்டி வெற்றி, வெற்றி என்றார்கள். ஜனம் கைதட்டியது; கைதட்டு ஓய்வதற்குள் கார் போய்விட்டது. கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசை அதற்குப் பிறகுதான் படித்தார்கள். வேலைநீக்கப்பட்டவர்கள் பெயர்களில் கொம்பையா பெயரும் இருந்தது, பக்கத்தில் நூல் திருடியவன் என்று. தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தினால் அவன் இன்னொரு கேட்டுக்குப் போவான் என்று முதலாளிக்குத் தெரியும். திருடன் என்று எழுதிவிட்டால் எந்தக் கேட்டும் திறக்காது என்பதும் தெரியும். முதலாளிமாரின் படிப்பு அதற்குத்தான். மறுநாள் மாடத்தி ஷிப்டில் இருந்தாள். கம்பி ஜன்னலுக்கு வெளியே, வெகுதூரத்தில், ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொம்பையா நிற்பதைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது. “மாடத்தி, நா எடுக்கல.” அவள் தலையை ஆட்டினாள். அவன் போய், பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தான். பருத்தியில் பிறந்த நூலால் பிழைத்தவனுக்குப் பருத்தி மருந்து.

அதற்குப் பிறகு வைகுண்டத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த பொதுக்குழுவில், எல்லோரும் பேசி முடித்த பிறகு, மாடத்தி எழுந்து நின்றாள். “ஓடுற வண்டியில இருந்து சொல்லுறது எதுவும் செல்லாதுன்னு எழுதுங்க. பேசிட்டு வாரவரு வண்டிய அமத்தணும். சாவிய எங்க கையில குடுக்கணும். பெறவுதான் வாயத் திறக்கணும்.” கை தூக்காதவர் யாருமில்லை. வைகுண்டம் அதோடு இரண்டு வரி சேர்த்தார்: சங்கத்து வண்டியைத் தலைவரே ஓட்டுவார், டிரைவர் வைத்தால் டிரைவரையும் விலைக்கு வாங்கிவிடுவார்கள், பேசப் போனவர் திரும்பி வரும்வரை வேறு எந்தத் தீர்மானமும் போடக்கூடாது, முதுகுக்குப் பின்னால் எவனும் எதையும் மாற்றிவிடக்கூடாது. அதற்கும் கை தூக்கினார்கள். அப்போதே முதல் கோரிக்கையும் முடிவானது. கூலி இரண்டாவது, போனஸ் மூன்றாவது. முதலாவது, கொம்பையா திருடன் இல்லை என்று மில் எழுதித் தர வேண்டும்.

மறுபடி வேலைநிறுத்தம் தொடங்கியது. வைகுண்டம் முதலாளியிடம் போனார், பேசினார், தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் படிக்க ஜனம் எட்டி எட்டிப் பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினார். டக்கென்றது.

கையிலிருந்த பாதியை ஜன்னல் வழியாக நீட்டினார். மாடத்தி வாங்கவில்லை.

“இது சாவி இல்லையே, தோழர்.”

“சாவிதான் மாடத்தி. ஒடிஞ்சு போச்சு.”

“ஒடிஞ்சா பாதிச் சாவி. பாதிச் சாவிக்குப் பாதிப் பேச்சைத்தான் கேக்க முடியும். எந்தப் பாதியக் கேக்க?”

மில் ஃபிட்டர் யாக்கோபு முன்னால் வந்தார். “யக்கா, செத்த பொறு. இப்ப எடுத்துருதேன்.”

முதலில் எண்ணெய் விட்டார். மூக்கு நீண்ட குறடைப் போட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த துளிமுனை, தொட்டதும் நத்தை கொம்பை இழுத்துக்கொள்கிற மாதிரி உள்ளே போனது. ரம்ப பிளேடை நீளவாக்கில் ஒடித்து, பல்லை மேலே பார்க்க வைத்துச் செருகி, கொக்கி போட்டு இழுத்தார். பிளேடு ஒடிந்தது, இப்போது உள்ளே இரண்டு துண்டு. குண்டூசி முனையில் பசை தடவி ஒட்டிப் பார்த்தார். ஊசிதான் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பூட்டையே கழற்றிவிடலாம் என்று ஸ்டீரிங்குக்கு அடியில் படுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். எல்லா ஒயரும் வெட்டுப்பட்டுத் தொங்கின. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாக்கோபு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குப் பாப்போம்” என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. மில்லில் எத்தனையோ மிஷின் அப்படித்தான், நிறுத்தினால் நிற்காது, ஓட்டினால் ஓடாது.

வண்டி ஓடுகிறது, ஆகவே தலைவர் இன்னும் திரும்பவில்லை. தலைவர் திரும்பவில்லை, ஆகவே வேறு தீர்மானம் போட முடியாது. வேறு தீர்மானம் இல்லை, ஆகவே வேலைநிறுத்தம் தொடர்கிறது. தாளில் எழுதி வாங்கிப் படித்தால் என்ன என்று படித்தவன் ஒருவன் கேட்டான். கொம்பையாவைக் கொன்றதே ஒரு தாள்தான், வாயால் சொல்லட்டும், முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்றாள் மாடத்தி. வெளியாள் ஒருவனிடம் சொல்லியனுப்பலாமே என்றதற்கு, உறுப்பினர் அல்லாதவனிடம் சொல்வது துரோகம் என்று வைகுண்டமும் அசையவில்லை. சாவி கொடுக்காமல் இறங்கினால் ஓடிப்போனவன் ஆவேன் என்று வண்டியிலேயே இருந்தார். காலைக்கடனுக்கு இறங்குவார், குளிக்க இறங்குவார், திரும்பி வந்து ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். முறை வைத்து வீட்டுக்கு வீடு கஞ்சி கொடுத்தார்கள்.

முதலில் அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியாதவர்கள், அப்புறம் அதை மறந்தார்கள், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாதவர்கள் ஆனார்கள். சூடான பானெட்டில் பெண்கள் வடகம் காயவைத்தார்கள். மழைக்காலத்தில் ஈரத்துணி போட்டார்கள். தூங்காத பிள்ளையைப் பின்சீட்டில் கிடத்தினால் அடுத்த நிமிஷம் தூங்கியது. அப்படித் தூங்கிய பிள்ளைகள் வளர்ந்து, வெளியூரில் வாக்கப்பட்டுப் போய், அங்கே வீட்டின் அமைதி பொறுக்காமல் மறுவீட்டுக்கு வந்த கையோடு தங்கிவிட்டார்கள். ஆயுதபூசைக்கு ஆயுதபூசை பூட்டுக்குச் சந்தனம் பூசி, யாக்கோபு ரம்ப பிளேடை வாழையிலையில் வைத்துக் கும்பிட்டு, உள்ளே விட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், வராது, பொரிகடலை கொடுப்பார்கள். காலனியில் பெண் எடுக்க வருகிற மாப்பிள்ளை அந்தப் பூட்டில் ஒருதரம் கை வைத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று எப்படியோ வழக்கமாகிவிட்டது. “எடுத்துட்டாருன்னா பொண்ணு குடுக்க மாட்டோம்” என்று சீனியம்மா சொல்வாள், “ஸ்ட்ரைக்க முடிச்சு வைக்கிறவன் எங்களுக்கு எதுக்கு?” மாப்பிள்ளைகள் பயந்து, தொட்டும் தொடாமலும் கையை எடுத்தார்கள்.

லேபர் கோர்ட்டிலிருந்து அமீனா ஒருவர் வந்து, பானெட்டில் காதை வைத்துக் கேட்டு, இன்ஜின் ஓடுகிறது, தகராறு நிலுவையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். தகராறு நிலுவையில் உள்ள இடத்தை விற்க முடியாது. ஆனால் முதலாளிகளுக்கு முன்வாசல் ஒன்றுதான் என்று நினைப்பவன் தொழிலாளி மட்டும்தான். பின்சுவரை இடித்து மிஷின்களைக் கொண்டுபோனார்கள். கதிர்கள் போயின, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின்கள் போயின, ஓடுகள் போயின. முன்னால் கேட்டில் பூட்டு தொங்கியது, பூட்டுக்கு முன்னால் வண்டி ஓடியது, வண்டிக்கு முன்னால் மில் ஜனம் கொடியை நட்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் காவல் காத்தது ஒரு வெறும் சுவரை என்பது சுவர் வழியாக வானம் தெரிந்தபோதுதான் புரிந்தது. அதற்காக எழுந்து போனவர்கள் போனார்கள். ஆண்கள் திருப்பூருக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போனார்கள். நெஞ்சில் பஞ்சடைத்த கிழவிகள் போகவில்லை. அவர்களுக்கு எந்த ஊரிலும் வேலை இல்லை.

இத்தனை காலமும் வைகுண்டம் சொல்லப் பார்த்தார். அவரால் முடிந்தால் அன்றைக்கே கத்திச் சொல்லியிருப்பார். இன்ஜின் சத்தத்தில் கூட்டத்துக்குக் கேட்காது. ஆனால் கேட்க வேண்டியதில்லையே, எதிரே இருந்தவர்கள் மில்காரர்கள், உதடு அசைந்தால் போதும். அதனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் வாயைத் திறந்தால் முகத்தைத் திருப்பினார்கள். கஞ்சி கொடுக்கிறவள் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள். மாடத்தியை மட்டும் அவர் ஹாரனை மெதுவாகத் தட்டிக் கூப்பிடுவார். “மாடத்தி, இங்க பாரு” என்பது வரைக்கும் அவள் பார்ப்பாள். அதற்குமேல் உதடு அசைந்தால் இமையை இறுக்கிக்கொண்டு, “வண்டிய அமத்திட்டுச் சொல்லுங்க, தோழர்” என்பாள்.

“ஏட்டி, பாத்துத் தொலையேன்” என்றாள் சீனியம்மா ஒருநாள். “அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா? முடி கொட்டி, பல்லு கொட்டி, வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“நீ பாரேன்.”

“நா எதுக்குப் பாக்கேன்? பாத்துட்டு உன் மூஞ்சியில எப்படி முழிக்க?”

“அப்ப மூடிக்கோ.”

“கண்ணத்தான சொல்லுத?”

“ரெண்டையும்.”

சீனியம்மா சிரித்துக்கொண்டே இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள். மாடத்தி சிரிக்கவில்லை. ஒத்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்னால், அது ஓடுகிற வண்டியிலிருந்து வந்த ஒத்துக்கொள்ளல்; அதே மாதிரி ஒன்றுதான் கொம்பையாவைக் கொன்றது, அதைக் கொண்டுபோய் அவன் புதைகுழியில் வைக்க அவளால் முடியாது. மறுத்துவிட்டார்கள் என்று சொன்னால்? அந்த நினைப்பை அவள் முழுதாக நினைத்ததே இல்லை. அவளுக்குப் பயம் இருந்தது. அதற்கு அவள் கொள்கை என்று பெயர் வைத்திருந்தாள். போராட்டக்காரர்களுக்கு இது புதிதில்லை. பயத்தையும் கொள்கையையும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொள்வோம், கிழிகிறபோதுதான் எது எது என்று தெரியும்.

மில் நிலத்தை, முதலாளியின் பேரன்களிடமிருந்து ஒரு கட்டடக் கம்பெனி பேசி முடித்தது. கோர்ட்டுத் தடை நீங்கினால் பத்திரம் பதியலாம். இன்ஜின் நின்றால் தடை நீங்கும். அவர்கள் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள், குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற கேமரா முதற்கொண்டு வந்தது. ஒடிந்த துண்டு பளபளவென்று உள்ளே தெரிந்தது, வரமாட்டேன் என்றது. கிழவிகள் தடுக்கவில்லை. ஒவ்வொருத்தனுக்கும் மோர் கொடுத்து, “நல்லா இழுங்க ராசா” என்றார்கள்.

ஒருநாள் கஞ்சி கொடுக்க மாடத்தி முறை. விடிந்து வெயில் ஏறுகிற நேரம், கம்பங்கஞ்சியும் வெங்காயமும் கொண்டுபோனாள். ஹாரன் ஒருதரம் முனகியது. அவர் அவளைப் பார்த்தார். மாடத்தி, இங்க பாரு என்ற முன்பேச்சுகூட இல்லை. உதடு நேராக விஷயத்துக்கு அசையத் தொடங்கியதும் அவள் பழக்கத்தில் கண்ணை மூடினாள். மூடியபடி நின்றாள். இன்றைக்கு ஏனோ வெகுநேரம் நின்றாள். திறந்துவிடலாமா என்று நினைத்து, நினைத்து, ஒருவழியாகத் திறந்தபோது, அவர் வாய் திறந்தபடி இருந்தது, உதடு நின்றுவிட்டிருந்தது.

அவர் கை ஸ்டீரிங்கில் மாட்டியிருந்தது. விரல்களைப் பிரிப்பதற்காக அவள் குனிந்தாள். அவள் முழங்கை பூட்டில் பட்டது. பால்பல் விழுவது மாதிரி, ஒடிந்த சாவித்துண்டு தானாக நழுவி அவள் மடியில் விழுந்தது. இன்ஜின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

சாத்தங்கரிசல் முழுவதும் திடுக்கிட்டது. தொட்டில் பிள்ளைகள் ஒன்றாக வீரிட்டன. நாய்கள், இல்லாத சத்தத்தைப் பார்த்துக் குரைத்தன. காது மந்தமான யாக்கோபுகூட வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். கிழவிகள் வந்தார்கள், கொடிக்கம்பத்தடியில் கூடினார்கள். மாடத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வண்டி அமந்திருந்தது. சாவி கைக்கு வந்திருந்தது. தீர்மானத்தில் எழுதியபடி எல்லாம் நடந்துவிட்டது. இனி அவர் வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி, வாய் திறந்துதான் இருந்தது.

எல்லோரும் அந்த உதட்டைப் பார்த்தார்கள். இத்தனை காலம் பார்க்காத உதடு. “கூலியச் சொல்லுதாரு” என்றாள் ஒருத்தி. “இல்ல, போனஸு” என்றாள் இன்னொருத்தி. “என் மகனுக்கு வேலைன்னு சொல்லுதாரு, பாரு, நல்லாப் பாரு” என்று ஒருத்தி அழுதாள். சீனியம்மா மாடத்தியைப் பார்த்தாள். “நீ சொல்லு, ஏட்டி. கொம்பையா அண்ணனப் பத்தித்தான சொல்லுதாரு? நீ சொன்னா நாங்க கை தூக்குதோம்.”

மாடத்தி வெகுநேரம் பார்த்தாள். “செத்த வாயி” என்றாள். “அதுல ஒண்ணும் எழுதியில்ல.” தன் முந்தானையைக் கிழித்து அவர் தாடையைக் கட்டினாள்.

உடலை இறக்குவதற்குள்ளாகவே வெள்ளைக் கார் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் மண்ணள்ளும் ஜேசிபி. கட்டடக் கம்பெனி ஆள் கண்ணாடியை மட்டும் இறக்கினான். மரியாதையான பையன், கெட்டவர்கள் இப்போதெல்லாம் மரியாதையாகத்தான் வருகிறார்கள்.

“அம்மா, பெரியவர் இறந்துட்டார்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். வண்டியும் நின்னுடுச்சாமே? இனிமே பேசி முடிச்சிடலாம்.”

“மொதல்ல உம்ம வண்டிய அமத்தும்.”

“ஏசி ஓடுதும்மா, அதான்.”

“அமத்தும்.”

அவன் ஒரு பித்தானை அமுக்கினான். கார் நின்றது.

“சாவி?”

“இதுக்குச் சாவியெல்லாம் கிடையாதும்மா.” அவன் இறங்கி, பையிலிருந்து கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து நீட்டினான். “இதைப் பக்கத்துல வச்சிருந்தாப் போதும்.”

சீனியம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “இதுக்குப் பல்லே இல்லையே, ஐயா. எங்கள மாதிரி.” கிழவிகள் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள்.

“சொல்லும்” என்றாள் மாடத்தி.

“எல்லாம் ஒத்துக்கிறோம்மா. நான் உங்க கோரிக்கையைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். முதல் கோரிக்கை உங்க வீட்டுக்காரர் சம்பந்தப்பட்டது, இல்லையா? திருட்டுப் பழி. அதை எடுத்துடறோம். எழுதியே தந்துடறோம். எங்களுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை.”

வண்டி அமந்திருந்தது, ஆள் இறங்கி நின்றான், முகத்துக்கு நேரே சொன்னான். அவள் அதற்காகத்தான் கண்ணை மூடி மூடிக் கிழவியானாள். அது வந்துவிட்டது, கல்யாணவீட்டு வாசலில் கற்கண்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. கஷ்டமே இல்லாமல் வந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

“அவரு பேரச் சொல்லிச் சொல்லும். இன்னார் எடுக்கலன்னு.”

அவன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வெயிலில் நின்று வெகுநேரம் தள்ளினான்.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றான். “எழுதிக்கிறேன்.”

மாடத்தி சாவித்துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள். கண்ணையும் மூடினாள். உதட்டையும் மூடினாள். மூடிய உதட்டுக்குள்ளிருந்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சீனியம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவளும் கண்ணை மூடினாள். பிறகு எல்லோரும். காலமெல்லாம் அந்த இன்ஜினைக் கேட்டுத் தூங்கி, கேட்டு விழித்தவர்கள் அவர்கள்; அதன் சுருதி தெரியும், நடுநடுவே அது விக்குகிற இடம் தெரியும். விக்குகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து விக்கினார்கள். வீடுகளில் வீரிட்ட பிள்ளைகள் அடங்கின. ரோட்டில் போன பால்காரர், வண்டியைச் சரிபண்ணிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு போனார். அமீனா வந்திருந்தால் எழுதியிருப்பார்: ஓடுகிறது, தகராறு நிலுவையில் உள்ளது.

கட்டடக் கம்பெனிக்காரன் ஜேசிபிக்காரனிடம் கையைக் காட்டினான், கொஞ்சம் பொறு என்று. அவனுக்கு அவசரமில்லை. கிழவிகளின் நெஞ்சில் எவ்வளவு பஞ்சு இருக்கிறது, எவ்வளவு மூச்சு இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. வெயில் ஏற ஏற ஒருத்தி இருமி உட்கார்ந்தாள், அப்புறம் இன்னொருத்தி. சத்தம் ஒவ்வொரு இழையாக அறுந்தது. சீனியம்மா மாடத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள், அப்புறம் அவளும் மண்ணில் சரிந்தாள். கடைசியில் மாடத்தி ஒருத்திதான்.

அவன் பக்கத்தில் வந்தான். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, உரக்க ஏதோ சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவேளை பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம். அவள் கண் மூடியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.